அரை அங்குலம்

காலையில் பூண்டுலோயா டவுனுக்கு இறங்கினால், தலவாக்கலை பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தே யார் எங்கே போகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். வெள்ளை உடுப்பு என்றால் பள்ளிக்கூடம். சாப்பாட்டுப் பை மட்டும் என்றால் கடை வேலை. முதுகில் பையும் இடுப்பில் அளவு நாடாவும் என்றால் தொழிற்பயிற்சி. அந்த நாடாவை இடுப்பில் மாட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டிய தேவையே இல்லை, பைக்குள் போட்டால் போதும். ஆனாலும் மாட்டுவார்கள். என் பேத்தியும் மாட்டுகிறாள். அவளைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. எனக்கென்று முதன்முதலாக ஒரு மேசன் கரண்டி கிடைத்த ராத்திரி, அதைத் துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தவன் நான்.

அவள் கட்டட வேலை படிக்கப் போகிறாள் என்றதும் தோட்டத்தில் கொஞ்சம் பேச்சு அடிபட்டது. "ஓ.எல். பாஸ் பண்ணுன பொம்பளப் புள்ளைக்குக் கல்லும் மண்ணுமா?" என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. எங்கள் மலைகளில் படிப்பு என்றால் டீச்சர் வேலை, இல்லாவிட்டால் கிளார்க் வேலை. அந்த இரண்டும் கிடைக்காத பையன்கள் கொழும்புக்குக் கடைக்குப் போவார்கள். கையில் தொழில் என்று ஒன்று இருப்பதாக யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. பேத்தி அந்த அம்மாவிடம், "நீங்க இருக்கிற வீட்டைக் கல்லும் மண்ணும் இல்லாமலா அம்மாயி கட்டுனாங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். வாய் அவள் பாட்டியுடையது.

எனக்கு இதில் வேறொரு யோசனை. நாட்டுப்புறத்துச் சிங்களக் கிராமங்களில் ஒரு பையன் தகப்பனைப் பார்த்தே பாதித் தொழிலைக் கற்றுக்கொள்வான். மழைக்கு முன்னால் கூரை பிரிப்பார்கள், சுவருக்கு மண் பூசுவார்கள், தம்பி கல்யாணத்துக்கு ஓர் அறை சேர்ப்பார்கள். அவன் மண் குழைத்துக் கொடுப்பான். எங்களுக்கு அந்தப் பள்ளிக்கூடம் கிடையாது. லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். அதுவும் தோட்டத்துச் சொத்து. ஓர் ஆணி அடிக்கக்கூட என் தகப்பனார் யோசிப்பார். ஜன்னல் ஒன்று வைக்க வேண்டுமென்றால் துரையிடம் கேட்க வேண்டும். கேட்டால் கிடைக்காது என்பதால் கேட்கவும் மாட்டோம். காடாகக் கிடந்த மலையை வெட்டித் தேயிலை நட்டு, ரோடு போட்டு, ஸ்டோரும் பங்களாவும் எழும்பக் கல் சுமந்த சனத்துக்குத் தன் கையால் கட்டிப் பழக ஒரு சுவர் இருக்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டு அப்படியே போனது.

எனக்குத் தொழில் வந்தது கொத்மலையில். 1979இல் அணைக்கட்டு வேலை தொடங்கியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சுவீடன் உதவி, சுவீடன் கம்பனி, மலையையே குடைகிற மெஷின்கள். எங்கள் தோட்டத்துப் பையன்கள் தோட்ட வேலைப் பெரட்டுக்குப் போகாமல் அங்கே ஓடினோம். சம்பளம் ஒரு காரணம், அந்த மெஷின்களை வேடிக்கை பார்ப்பது இன்னொரு காரணம். என்னை மெஷின் பக்கம் விடவில்லை. வேலைக்கு வந்தவர்களுக்குக் குவாட்டர்ஸ் கட்டும் கொந்தரப்பு ஒன்றில் சாந்து தூக்கப் போட்டார்கள். அங்கேதான் மேசன் பாஸ் இருந்தார்.

அவர் காலிப் பக்கத்துக்காரர். அறுபதை ஒட்டிய வயது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெற்றிலை வாயோடு நிற்பார். என்னை 'மல்லி' என்பார், அவர்கள் பாஷையில் தம்பி. அவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் அரைகுறை. ஆகவே என் தொழிலின் சொற்கள் எல்லாமே எனக்குச் சிங்களத்தில்தான் வந்தன. சாந்துக்கு 'பதாம'. சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தொங்கவிடும் குண்டுக்கு 'லம்பய'. அதைத் தமிழில் தூக்குக்குண்டு என்பார்கள் என்று நான் படித்தது ஐம்பது வயதுக்கு அப்புறம், ஒரு பாடப் புத்தகத்தில். கரண்டிக்கு மட்டும் அவர்கள் சொன்ன 'ஹெந்த'வும் நாங்கள் சொன்ன கரண்டியும் ஒரே பொருள். சோறு அள்ளுகிற சாமானின் பேரையே இரண்டு சனமும் அதற்கு வைத்திருக்கிறார்கள். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒரு வருஷம் சாந்து தூக்கினேன். பிறகு கல் எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் ஒருநாள் கரண்டியைக் கையில் கொடுத்து, உள்சுவரில் இரண்டு வரி கட்டச் சொன்னார். கட்டினேன். குறை சொல்லவில்லை. அவ்வளவுதான், எனக்குத் தலை கால் தெரியவில்லை. மறு வாரம் ஒரு பகல் அவர் சாமான் வாங்கக் கம்பளைக்குப் போனார். அவர் திரும்பி வந்து அசந்து நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, வெளிச்சுவரின் மூலையைப் பிடித்து ஏழு வரி ஏற்றிவிட்டேன். முழங்கால் உயரம். வரிக்கு வரி குண்டு போட்டுப் பார்க்க வேண்டும் என்று தெரியும். ஆனால் கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது. கண் என்னுடையதுதானே, அது எனக்குச் சாதகமாகத்தான் பேசும்.

பாஸ் பின்னேரம் வந்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லம்பயவைத் தொங்கவிட்டார். உச்சி வரியில் நூலுக்கும் கல்லுக்கும் நடுவே அவருடைய சுண்டு விரல் போனது. அரை அங்குலம் இருக்கும். "கடன்ன, மல்லி," என்றார். உடை என்று அர்த்தம். சத்தம் போடவில்லை. சாந்து இறுகுவதற்குள் உடைத்தால் கல்லைக் காப்பாற்றலாம், இறுகிவிட்டால் கல்லும் போய்விடும் என்பதைக் கையாலேயே காட்டினார்.

அரை அங்குலத்துக்கா ஒரு பகல் வேலையை உடைப்பது என்று எனக்குள் கொதித்தது. இப்போது கணக்குப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. முழங்கால் உயரத்தில், அதாவது இருபது அங்குலத்தில், அரை அங்குலம் சாய்ந்த சுவர் அதே போக்கில் ஒன்பதடி ஏறினால் கூரைமட்டத்தில் இரண்டே முக்கால் அங்குலம் வெளியே நிற்கும். அதன்மேல் கூரையின் பாரம் ஏறும். அன்றைக்கு இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. பாஸும் அதைச் சொல்லித் தரவில்லை. அவருக்கு அது விரலில் இருந்தது.

உடைத்தேன். ஆட்களை ஏற்றிப் போகும் லொறி அதற்குள் வந்துவிட்டது. எல்லாரும் ஏறினார்கள். பாஸ் ஏறவில்லை. பெட்ரோமாக்ஸைப் பற்ற வைத்து, என் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு கல்லாக எடுத்துச் சாந்தைச் சுரண்டி அடுக்கினார். மழைத் தூற்றல் வேறு. மறுபடி ஏழு வரி. வரிக்கு வரி குண்டைத் தொங்கவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னார். முடிய இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகியிருக்கும். அவருடைய தகரக் குடிலில் பலாக்காய்க் கறியும் கருவாடும் சோறும். சாப்பிடும்போது சுவரைப் பற்றிப் பேச்சே இல்லை. தன் மூன்றாவது மகள் எப்படிச் சின்ன வயதில் தென்னை மரத்தில் ஏறினாள் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குப் பாதி புரியவில்லை. நானும் சிரித்தேன்.

83 ஆடிக் கலவரத்தோடு அந்த வேலை நின்றது. நான் தோட்டத்துக்குள் ஒடுங்கினேன். அவரை அப்புறம் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இருபது வருஷம் கரண்டியே சோறு போட்டது. கடைகள், கோயில் மதில்கள், பள்ளிக்கூடக் கக்கூசுகள், மலைச்சரிவில் தாங்கு சுவர்கள். தாங்கு சுவரைப் பற்றி ஒரு வார்த்தை: அதில் ஊடே ஊடே குழாய் செருகித் தண்ணீருக்கு வழி விட வேண்டும். கல்லை மிச்சம் பிடிப்பவனைக்கூட மன்னிக்கலாம், இந்தக் குழாயை மிச்சம் பிடிப்பவனை மன்னிக்கவே கூடாது. மலையில் மண்ணைவிடச் சுவரைத் தள்ளுவது, மண்ணுக்குள் நிற்கிற தண்ணீர். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மண் சரிந்த சேதி வந்த ராத்திரி, நான் கட்டிய ஒவ்வொரு தாங்கு சுவரையும் மனசுக்குள் எண்ணிக்கொண்டு விழித்துக் கிடந்தேன். அது வேறு மாதிரியான அழிவு, சுவர் வைத்துத் தடுக்கக் கூடியது இல்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

ஐம்பது வயதைத் தாண்டியபோது, என்.வி.கியூ. என்று ஒன்று வந்திருக்கிறது, சேட்டிபிக்கட் எடுத்து வைத்தால் நல்லது என்றார்கள். தேசிய தொழிற்தகைமை. ஒன்றிலிருந்து ஏழு வரை மட்டம், முழுத் தொழிலாளி என்றால் நாலு. வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தால் கற்றவனையும் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற வழி ஒன்று அதில் உண்டு. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வரை படித்தவன், அதுவும் ஒரே வாத்தியார் ஒரே அறையில் எல்லா வகுப்பையும் மேய்த்த காலத்தில். ஆகவே பயந்துகொண்டுதான் போனேன்.

சோதிக்க வந்தவர் என் மகன் வயதுப் பையன். கட்டிக் காட்டியதைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கேள்வி.

"கல்லை ஏன் ஐயா தண்ணியில நனைக்கிறீங்க?"

"நனைக்காட்டி பாஸ் ஏசுவாரு."

அவர் சிரிக்கவில்லை, அந்தப் புண்ணியவான். காய்ந்த செங்கல் சாந்திலிருக்கிற தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், சீமெந்து இறுகுவதற்குத் தண்ணீர் வேண்டும், அது போய்விட்டால் சாந்து பொடியாகிவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். கொங்கிரீட்டுக்கு நாள்கணக்கில் தண்ணீர் விடுவது ஏன் என்றார். சூடு தணிய என்றேன். அது மட்டுமில்லை, அது காய்வதால் கெட்டியாவதில்லை, தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கெட்டியாகிறது, இருபத்தெட்டு நாள் கழித்தே அதன் பலத்தைச் சோதிப்பார்கள் என்றார். கலவை இலகுவாகக் கிண்டுப்படட்டும் என்று கூட ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிற வழக்கம் எங்களில் நிறையப் பேருக்கு உண்டு. அந்த ஒரு வாளிக்கு எவ்வளவு பலம் போகிறது என்று கேட்டபோது, நான் ஊற்றிய வாளிகள் எல்லாம் கண் முன்னால் வரிசையாக நின்றன.

மூலை எடுப்பதற்குக் கயிற்றில் மூன்றடி, நாலடி, ஐந்தடி என்று பாஸ் முடிச்சுப் போட்டு வைத்திருப்பார். அந்தக் கயிற்றை முக்கோணமாக இழுத்தால் மூலை சரியாக வந்து உட்காரும். அது ஒரு கிரேக்கருடைய கணக்கு என்று அந்தப் பையன்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்த என் மகளுக்கு அந்தக் கிரேக்கரின் பெயர் தெரிந்திருந்தது, தேற்றம் பாடமாக இருந்தது, எதற்கென்று மட்டும் தெரியவில்லை. எனக்கு எதற்கென்று மட்டும் தெரிந்திருந்தது.

சான்றிதழ் கிடைத்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டினேன். அதுதான் என்னைக் கெடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களில், தலவாக்கலைக்கு அப்பால் நடந்த ஒரு மேசன் வகுப்புக்குச் செய்முறை சொல்லித்தர ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு போனேன். பிள்ளைகள் "சேர்" என்றார்கள். அந்தச் சொல்லுக்கு முதுகெலும்பை நிமிர்த்துகிற ஒரு குணம் உண்டு.

அங்கே ஒரு பையன். பதினெட்டு வயது. தகப்பன் இல்லை, தாய் கொழுந்து எடுக்கிறவர். கை அவ்வளவு வேகம். வேகத்தைப் பார்த்ததும் எனக்கு என்னையே பார்த்த மாதிரி இருந்தது. ஒருநாள் பயிற்சிச் சுவர் ஒன்றை மற்றவர்கள் பாதிக்கு வருவதற்குள் முடித்துவிட்டு நின்றான். குண்டைத் தொங்கவிட்டேன். விரல் போனது.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருஷம் சுமந்துகொண்டு திரிந்த பாடத்தைக் கொடுக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டான். எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்தேன். "உடை," என்றேன். பாஸ் சொன்ன அதே மெதுவான குரலை வரவழைத்துக்கொண்டு. அவன் உடைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. மணி நாலரை. எனக்குப் பூண்டுலோயா பஸ் இருந்தது. போய்விட்டேன்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கொழும்பில் ஒரு கடைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கூட்டாளிப் பையன்கள் சொன்னார்கள். "ரோஷக்காரன், தொழிலுக்கு ஆக மாட்டான்," என்று நான் தீர்ப்பும் சொன்னேன்.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து ஒரு ராத்திரி கரண்ட் போயிருந்தது. வீட்டுக்காரி குப்பி விளக்கு ஏற்றி வைத்தாள். மழை. அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு, தகரத்தில் மழை விழுந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பாஸ் குந்தியிருந்து கல்லைச் சுரண்டிய கை ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை வருஷம் அந்தக் கதையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! சொல்லும்போதெல்லாம் "உடை" என்று அவர் சொன்னதோடு முடித்துவிடுவேன். கேட்பவர்களுக்கும் அந்த இடம் பிடிக்கும். லொறி போனதையும், அவர் ஏறாததையும், பெட்ரோமாக்ஸையும் நான் யாருக்கும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

அடுத்த ஞாயிறு அந்தப் பையன் வீட்டைத் தேடிப் போனேன். தாய் இருந்தார். என்னை இஸ்தோப்பில் உட்கார வைத்து, சீனி தூக்கலாகச் சாயத்தண்ணி கொடுத்தார். மகன் மாதாமாதம் காசு அனுப்புகிறான், தீபாவளிக்கு வருவான் என்றார். நான் வந்த விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "எங்கப் புள்ளையத் தேடி சேரே வந்திருக்கீங்களே, அவ்வளவு நல்லா வேல செஞ்சானாங்க?" என்று கேட்டார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. "நல்ல கைம்மா அவனுக்கு," என்றேன். அது பொய்யில்லை. மிச்சத்தைச் சொல்ல முடியவில்லை. தீபாவளிக்கு நான் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யாருடைய சுவரையாவது உடைக்கச் சொன்னால் அன்றைக்குப் பின்னேர பஸ்ஸை விட்டுவிடுவது. கூட இருந்து கல் சுரண்டுவது. கடைசி பஸ்ஸும் போய்விட்டால் தலவாக்கலையில் ஆட்டோ பிடிக்க வேண்டும். ஒரு மாதம் மூன்று தடவை அப்படி நடந்தபோது, "ஒங்களுக்கு அவங்க குடுக்குற காசு ஆட்டோக்காரனுக்குத்தான் பத்தும்," என்று வீட்டுக்காரி கணக்குச் சொன்னாள். சரியான கணக்கு. சில நாள் பஸ்ஸைத் தவறவிட மனசில்லாமல் கோணல் சுவரைக் கண்டும் காணாமல் விட்டதும் உண்டு. முழங்கால் வலிக்கிற வயதில் எல்லா நாளும் குந்த முடிவதில்லை.

2018 ஓகஸ்டில் எங்கள் பக்கத்து டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியில் கட்டிய 404 வீடுகளைக் கையளித்தார்கள். மகாத்மா காந்திபுரம் என்று பெயர். ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். எல்லாரும் திரையில் தெரிந்த பெரியவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் சுவர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். அங்கே ஒரு பாட்டி, தன் வீட்டு முன்சுவரில் கை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். நான் தட்டியதைப் பார்த்துவிட்டு, "என்னாங்க, சொகமா இருக்கா?" என்று கேட்டார், நோயாளியைப் பற்றி டாக்டரிடம் கேட்பது போல. "நல்லா இருக்குங்க," என்றேன். மலையகத்தில் தேவைப்படும் வீடுகளைக் கணக்குப் போட்டால் இது கொஞ்சம்தான். ஆனால் ஏழு பேர்ச் உள்ளவனுக்குக் குசினியைப் பெருப்பிக்க வேண்டும், குழாய் இழுக்க வேண்டும், மதில் கட்ட வேண்டும். இனிமேல் எங்கள் பிள்ளைகளும் தகப்பன் பக்கத்தில் நின்று மண் குழைத்துக் கொடுப்பார்கள். பேத்தி படிக்கப் போனது கட்டடம் என்றதும் எனக்கு மறுப்பு வராததற்கு அந்தப் பாட்டியும் ஒரு காரணம்.

பேத்தி இப்போது ராத்திரியில் எனக்குப் பாடம் எடுக்கிறாள். எல்லாம் மில்லிமீற்றரில். எனக்கு அங்குலம் தவிர வேறு எதுவும் கைக்கு வராது. அவள் அறுநூறு என்பாள், நான் ரெண்டடி என்பேன், இரண்டு பேரும் ஒரே பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். லேசர் மட்டம் ஒன்று வந்திருக்கிறது, சிவப்புக் கோடு சுவரில் தானாக விழும் என்று அவள் எனக்குச் சொன்னாள். தண்ணீருக்கு பெட்டரி தேவையில்லை என்றேன். ஒத்துக்கொண்டாள்.

போன மாதம், பயிற்சிக்கென்று ஒரு தூக்குக்குண்டைக் கொண்டுவந்தாள். வீட்டில் அகப்பட்டதெல்லாம் அளந்தாள். வீட்டுச் சுவர்கள் தேறின. கடைசியாகப் பின்புறத்துக் குசினிக்குப் போனாள். அது நான் அறுபத்தி மூன்றாவது வயதில், யார் உதவியும் வேண்டாம் என்று வீம்பாக, தனியே எழுப்பியது. நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். நூல் ஆடி ஆடி நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் சின்னதாக ஏதோ எழுதிவிட்டு, குண்டைச் சுற்றி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

எழுந்து போய்ப் பார்த்தேன். 15 மி.மீ. என்று இருந்தது. என் கணக்கில் அரை அங்குலமும் ஒரு துளியும்.

மறுநாள் வீட்டுக்காரி அந்த இடத்தில் ஆணி அடித்துக் கலண்டரை மாட்டிவிட்டாள். யாரும் இல்லாத நேரத்தில் நான் அதைத் தூக்கிப் பார்ப்பதுண்டு. பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை.